நோகாத கால்

கனகசபாபதியைத் தெரியாத நாய் வட்டுக்கோட்டையில் கிடையாது. முப்பத்திரண்டு வருடம் தபால் கொடுத்த மனிதர் வேறு எப்படி இருப்பார்? சித்தன்கேணி, சங்கரத்தை, அராலி என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிள் மிதித்தவர். எந்தப் படலைக்குள் நிற்கிற நாய் கடிக்கும், எது சும்மா குலைத்துவிட்டுப் படுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் குறையாத ஓட்டம். சோளகக் காற்று எதிரே வீசினால் அதுவே ஐம்பது மாதிரி இருக்கும்.

ஆள் அந்த நாளில் ஒல்லி, ஆனால் சாப்பாடு இரண்டு பேருக்குக் காணும். மத்தியானம் வீட்டுக்கு வந்து இருந்தார் என்றால், மனைவி குணலட்சுமி மொட்டைக்கறுப்பன் சோற்றைப் பீங்கானில் மலையாகக் குவிப்பாள். ஒரு பருக்கை மிஞ்சாது. இது போக, கடிதம் கொண்டுபோகிற வீடுகளில் தேத்தண்ணி. "வெய்யிலுக்கை வாறியள், ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோ" என்று படலையில் மறிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் வாய் நனைக்க அவருக்கு மனமில்லையாம் என்று அடுத்த நாளே ஊரில் கதை கிளம்பிவிடும். ஆகவே எட்டு வீடு என்றால் எட்டுத் தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. விருந்தாளிக்குச் சீனியைக் குறைத்துப் போடுவதைப் போல ஒரு மரியாதைக்கேடு யாழ்ப்பாணத்தில் வேறில்லை.

இவ்வளவு சோறும் சீனியும் எங்கே போகிறது என்று அந்த நாளில் யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அவருடைய கால் இரண்டும் தின்றுகொண்டிருந்தன என்பது அவருக்கே தெரியாது.

ஐம்பத்திரண்டாவது வயதில், அக்காவின் மகன் றஜிந்தன் வெளிநாடு போகும்போது தன் மோட்டச்சைக்கிளை மாமாவிடம் விட்டுவிட்டுப் போனான். கனகசபாபதி அதில் ஏறி உட்கார்ந்தவர்தான், பிறகு சைக்கிளைத் தொடவில்லை. அரைநாள் வேலை இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. கால்கள் இரண்டும் கலியாண வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி சும்மா இருந்து பயணம் செய்தன. ஆனால் பீங்கான் சின்னதாகவில்லை, தேத்தண்ணியும் குறையவில்லை. இரண்டு வருடத்தில் வயிறு முன்னுக்குத் தள்ளி வண்டி வைத்து, சேட்டுப் பொத்தான் இழுபட்டது. ஊருக்குச் சந்தோஷம். "இப்பதான் ஆள் பார்வையாய் இருக்கிறார்" என்றார்கள். குணலட்சுமிக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அறுபது வயதில் ஓய்வு கிடைத்தது. ஓய்வோடு தாகமும் வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். குடித்த கையோடு வளவுக்குப் பின்பக்கம் ஓடினார். இது என்ன வருத்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அண்ணை தம்பிராசாவைத் தின்ற அதே சீனி வருத்தம்.

தம்பிராசாவுக்கு முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம், பிறகு முழங்காலோடு. எடுத்து எட்டாம் மாதம் ஆள் முடிந்துபோனார். செத்தவீட்டில் பிரேதத்தைக் கிடத்தியிருந்தபோது வெள்ளை வேட்டி ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்ததைக் கனகசபாபதி பார்த்தார். அந்தத் தட்டையைப் பார்த்ததில் இருந்துதான் அவருக்குப் பயம் பிடித்தது. "நான் போறதெண்டால் ரண்டு காலோடைதான் சுடலைக்குப் போவன்" என்று அன்றைக்கே மனைவியிடம் சொன்னார். சாவைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இருக்கவில்லை, காலைப் பற்றித்தான்.

கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது இருநூற்றி எண்பத்தாறு. டொக்டர் சுபாஜினி சின்னப் பிள்ளை, வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஆனால் மனிதரை இருத்தி வைத்துக் கதைக்கத் தெரிந்தவள்.

"ஐயா, நீங்கள் சைக்கிள் ஓடித் திரியேக்கை உங்கடை தொடைத் தசையும் கெண்டைத் தசையும் சாப்பிட்ட சோறு முழுக்க எரிச்சுக்கொண்டு இருந்தது. இப்ப சோறு அப்பிடியே வருது, எரிக்கிற ஆள் நித்திரை. அதுதான் சீனி இரத்தத்திலையே நிண்டு சுத்துது."

"அப்ப திரும்ப ஓடினால்?"

"ஓடத் தேவையில்லை, நடந்தாலே காணும். தசை அசையேக்கை இன்சுலின் ஒழுங்காய் வேலை செய்யாட்டிலும் அது சீனியை உள்ளுக்கு இழுக்கும். ஆனால் ஒண்டு, நடந்த பலன் ஒரு நாள், மிஞ்சினால் ரண்டு நாள்தான் நிக்கும். பிறகும் நடக்கவேணும்."

கனகசபாபதிக்கு இது உடனே பிடிபட்டது. "எங்கடை தபால் பை மாதிரி. அண்டண்டைக்குக் குடுக்காட்டில் கந்தோரிலை குவிஞ்சுபோம்" என்றார். டொக்டர் சிரித்துவிட்டு, அதேதான் என்றாள். பிறகு அவருடைய உள்ளங்காலில் ஒரு நைலோன் நூலால் குத்திக் குத்திப் பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது. "வலது காலிலை உணர்ச்சி நல்லாய்க் குறைஞ்சிருக்கு ஐயா. வீட்டுக்குள்ளையும் செருப்பில்லாமல் நடவாதேங்கோ. ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பாருங்கோ. நான் எழுதித் தாற மருந்துக் குளிசையை ஒரு நாளும் விடாதேங்கோ."

டொக்டர் முதலில் சொன்னதை மனிதர் மனதில் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னதை இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டார். கால் நொந்தால்தானே கவலைப்பட வேண்டும், நோகாத காலுக்கு ஏன் வைத்தியம் என்பது அவருடைய எண்ணம்.

நடை தொடங்கியது. விடியக் காலமை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பொன்னாலைப் பாலத்தடி வரைக்கும் போய்த் திரும்புவார். முதல் கிழமை மூச்சு வாங்கியது, இரண்டாம் மாதம் அதே தூரம் விளையாட்டாகிவிட்டது. வண்டி வற்றியது. பழைய காற்சட்டை திரும்பவும் இடுப்பில் நின்றது. ஐந்தாம் மாதச் சோதனையில் நூற்றி நாற்பத்தொன்று. சோதனைத் துண்டை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு சந்தியில் கண்டவர்களுக்கெல்லாம் காட்டினார். முன்பு மற்றவர்களுக்கு வந்த நல்ல செய்தியைக் காவித் திரிந்தவருக்கு இப்போது தன்னுடைய செய்தி ஒன்று கிடைத்துவிட்டது.

இங்கேதான் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. நடை நல்லது என்று அறிந்த மனிதர், நடை மட்டும் போதும் என்று முடிவுகட்டிவிட்டார். குளிசை குடலைக் கெடுக்கும், நடை எதைக் கெடுக்கும்? முதலில் இரவுக் குளிசையை விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காலைக் குளிசையையும் விட்டார். குணலட்சுமிக்குச் சொல்லவில்லை. குளிசைகளைக் கிணற்றடி வாழைக்குள் எறிந்துவிட்டு வெறும் குளிசை மட்டையை மேசையில் வைப்பார். அவள் அதைப் பார்த்து, மனிதர் ஒழுங்காக மருந்து எடுக்கிறார் என்று ஆறுதல் அடைவாள்.

அடுத்த வைகாசியில் செல்வச் சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடைபயணம் போகிறவர்களோடு தானும் போவதாக நேர்த்தி வைத்தார். கிட்டத்தட்ட ஐம்பது நாள் நடை. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாக இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் புகுந்து கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முருகனுக்கு நேர்த்தியும் ஆச்சு, சீனிக்கு வைத்தியமும் ஆச்சு என்பது அவருடைய கணக்கு.

"போறது போங்கோ, செருப்போடை போங்கோ" என்றாள் குணலட்சுமி.

"கதிர்காமத்தானிட்டைச் செருப்போடை போறதோ? உனக்கென்ன விசரே?"

"டொக்டர் பிள்ளை சொன்னதல்லோ?"

"அவள் ரோட்டிலை நடக்கிறதைச் சொன்னவள். இது கோயிலுக்கு நடக்கிறது."

வாதாடிக் களைத்துப்போய் அவள் ஒரு புதுச் செருப்பை வாங்கி அவருடைய துணிப்பைக்குள் அடியில் வைத்துவிட்டாள். அவரும் அவளுக்காக அதைக் காவிக்கொண்டு போனார். போட மட்டும் இல்லை.

வெய்யிலில் தார் றோட்டு அடுப்புக்கல் மாதிரிக் காய்ந்துகிடந்தது. ஆறாம் ஏழாம் நாளில் கூட்டத்தில் பாதிப் பேருக்கு உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. இளந்தாரிகள்கூட மரநிழல் கண்ட இடமெல்லாம் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். கனகசபாபதி மட்டும் கடகடவென்று நடந்தார். அவரோடு கூட நடந்த கோபிசங்கர் என்ற பெடியனுக்கு அவருடைய வயதில் பாதிகூட இல்லை. அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"ஐயா, உங்களுக்குச் சுடேல்லையோ?"

"இல்லைத் தம்பி. ஒண்டுமே தெரியேல்லை."

"கல்லுக் குத்தேல்லையோ?"

"பஞ்சிலை நடக்கிற மாதிரி இருக்கு."

கோபிசங்கர் கூட்டத்தில் போய்ச் சொன்னான். அன்று பின்னேரம் தங்கிய கோயில் மடத்தில் வயதான பெண்கள் இரண்டு பேர் வந்து அவருடைய பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மற்றவர்களுக்கு நோவைக் கொடுத்துச் சோதிக்கிற முருகன், இந்த மனிதரைக் கையில் ஏந்திக்கொண்டு போகிறான் என்று கதைத்தார்கள். கனகசபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. மரத்துப்போன காலை அருள் என்று நம்பினார். அவரைச் சுற்றி இருந்த எல்லாரும் அப்படியே நம்பினார்கள். அவர்களில் ஒருவராவது அந்தப் பாதத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

மட்டக்களப்புப் பக்கத்தில் தொண்டர்கள் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். சீனி பார்த்தபோது தொண்ணூற்றெட்டு. குளிசை இல்லாமல், மூன்று நேர அன்னதானச் சோற்றோடு, தொண்ணூற்றெட்டு! கனகசபாபதி அந்த இடத்திலேயே குணலட்சுமிக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டுச் சொன்னார். கட்டுப் போடுகிற பிள்ளை, "காலக் காட்டுங்க ஐயா, பாத்திட்டு விடுறன்" என்று கூப்பிட்டாள்.

"எனக்கு ஒரு நோவும் இல்லைப் பிள்ளை. நோகிறவையைப் பார்" என்றார். பின்னுக்கு நிறையப் பேர் வரிசையில் நின்றார்கள். அவளும் விட்டுவிட்டாள்.

உகந்தையைக் கடந்து காட்டுக்குள் ஐந்து நாள். மணலும் முள்ளும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தாரில் ஏற்கெனவே வெந்திருந்த வலது குதிகாலுக்குள் ஒரு முள் ஏறியிருக்க வேண்டும். எப்போது ஏறியது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. கடைசி நாள்களில் எங்கேயோ செத்த மிருகத்தின் நாற்றம் வருகிறது என்று கூட நடந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவரும் பொத்தினார். போகப் போக நாற்றமும் கூடவே வந்தது.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக்குள் இறங்கி நின்றபோது மீன்குஞ்சுகள் காலைச் சுற்றி வந்து கொத்தின. எல்லாருக்கும் கூச்சம், எல்லாரும் சிரித்தார்கள். தன் இடது காலில் நாலைந்து மீன் நிற்பதையும், வலது குதியில் நூற்றுக்கணக்கில் மொய்ப்பதையும் அவர் பார்த்தார். காலைத் தண்ணீருக்கு வெளியே எடுத்துக் கல்லில் வைத்துப் புரட்டினார். குதி இருந்த இடத்தில் கோழிமுட்டை அளவு குழி. அதன் ஓரம் கறுத்திருந்தது. கோபிசங்கர் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று சத்தி எடுத்தான். இவருக்கோ அப்போதும் நோகவில்லை.

யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது காய்ச்சல் கொதித்தது. சீனி நானூறைத் தாண்டியிருந்தது. புண் அழுகினால் சீனி ஏறும், சீனி ஏறினால் புண் அழுகும் என்று வாட்டு டொக்டர் சொன்னார். "மருந்து ஒழுங்காய் எடுத்தவரோ?" என்று குணலட்சுமியிடம் கேட்டார்.

"ஓம் டொக்டர். ஒரு நாளும் விடேல்லை. நான் மட்டையைப் பாக்கிறனான்."

கனகசபாபதி கட்டிலில் கிடந்தபடி, "நான் விட்டுக் கனநாள்" என்றார்.

குணலட்சுமி அவரை ஏசவில்லை. ஏசினால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் இன்றைக்கும் நினைக்கிறார். அவள் கதிரையை இழுத்துப் போட்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்த காலை என்ன செய்தவை?" என்பதுதான். "அதை ஆஸ்பத்திரி பாத்துக்கொள்ளும் ஐயா, நீங்கள் யோசியாதேங்கோ" என்றாள் தாதி. அவர் யோசித்தார். அண்ணையின் வேட்டியை யோசித்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கீழே பார்க்காமல் மூன்று நாள் கிடந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் டொக்டர் சுபாஜினியிடம் தானே சொன்ன தபால் பைக் கதை அவருக்கு முழுதாக விளங்கியது. சீனியை எரித்த கால்களில் ஒன்று போய்விட்டது, மற்றது கட்டிலில் கிடக்கிறது. இன்சுலின் ஊசி ஒரு நாளைக்கு இரண்டு. ஒரு பிடி குரக்கன் புட்டும் கீரையும்தான் சாப்பாடு. அப்படியிருந்தும் இருநூற்றி ஐம்பதுக்குக் கீழே இறங்குவதில்லை. முன்பு மலை மாதிரிச் சோறு தின்றும் ஏறாத சீனி, இப்போது ஒரு பிடிப் புட்டுக்கு ஏறியது. தொடை நாளுக்கு நாள் வற்றி, தோல் தொங்கியது. இரண்டு தண்ணீர்ப் போத்தலைக் கையால் தூக்கி இறக்கச் சொன்னாள் டொக்டர். அவர் விடியவும் பின்னேரமும் கை விறைக்கும்வரை தூக்கினார். இருபது முப்பது குறைந்தது, அவ்வளவுதான். கையின் தசை எவ்வளவென்று எரிக்கும்?

ஒருநாள் கிளினிக்கில் கேட்டார்: "பொய்க்கால் எப்ப பூட்டுவியள் பிள்ளை?"

"வெட்டின இடத்துப் புண் ஆறவேணும் ஐயா."

"புண் எப்ப ஆறும்?"

"சீனி இறங்கினால் ஆறும்."

"சீனி இறங்க நான் நடக்கவேணும். நடக்கக் கால் வேணும். அந்தக் காலைத்தானே கேக்கிறன்."

டொக்டர் சுபாஜினி மருந்துத் துண்டை எடுத்தாள். ஊசியின் அளவைக் கூட்டி எழுதினாள். பிறகு குணலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டு, இடது காலை எப்படிச் சோதிப்பது என்று காட்டிக்கொடுத்தாள். அவர் பார்க்கக் கூடாது, இவள் விரலால் தொட வேண்டும், தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். தெரியாமல் போகத் தொடங்கினால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும். இதைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். கனகசபாபதிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றில் இருந்து ஒவ்வொரு காலமையும் இந்தச் சடங்கு. குணலட்சுமி பேசினில் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டும். அவள் தொடுவாள்.

"தெரியுதோ?"

"ஓம், பெருவிரல்."

"இப்ப?"

"ஓம், நடுப் பாதம்."

மார்கழி வரைக்கும் உண்மையாகவே தெரிந்தது. தைப்பொங்கல் கழிந்து சில நாளில் பெருவிரலில் உணர்ச்சி போயிற்று. மாசி முடியுமுன் பாதம் முழுவதிலும் போயிற்று. அவர் சொல்லவில்லை. அவள் எப்போதும் பெருவிரலில் தொடங்கி, சின்ன விரலுக்குப் போய், நடுப் பாதத்துக்கு வந்து, குதியில் முடிப்பாள் என்று அவருக்குப் பாடமாகிவிட்டது. அவளுடைய கேள்வியையும் வளையல் அசைகிற சத்தத்தையும் வைத்து நேரம் பார்த்துச் சொல்லப் பழகிக்கொண்டார். பிழைக்கவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் "கடவுளே" என்று பெருமூச்சு விட்டுப் பேசினைத் தூக்கிக்கொண்டு போவாள். அவள் குசினிக்குள் போன பிறகு அவர் குனிந்து இடது காலைத் தன் கையால் கிள்ளிப் பார்ப்பார். நகம் பதியக் கிள்ளுவார். வேறு யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். நோவு வராதா, ஒரு சின்ன நோவு வராதா என்று முருகனைக் கேட்பார்.

பங்குனியில் ஒரு காலமை. குணலட்சுமி காலைக் கழுவித் துடைத்துவிட்டுக் கால்மாட்டில் இருந்தாள். அவர் வழமை போலச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"தெரியுதோ?" என்றாள்.

"ஓம், பெருவிரல்."

"இப்ப?"

"சின்ன விரல். ஓம்."

"இப்ப?"

"நடுப் பாதம். வடிவாய்த் தெரியுது."

அடுத்த கேள்வி வரவில்லை. கொஞ்சம் பொறுத்து அவராகவே, "குதியிலையும் தெரியுது" என்றார். அதற்கும் பதில் இல்லாததால் திரும்பிப் பார்த்தார்.

குணலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையல்களைக் கழற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்திருந்தாள். கை இரண்டும் அவளுடைய மடியில் இருந்தன. துடைத்த பிறகு அவள் அந்தக் காலைத் தொடவே இல்லை.